பெர்னடெட்டின் முறைப்பு

பெர்னடெட் அக்கா முறைத்தால் ஏலம் கூறுகிற கிறகோரிக்கே ஒரு நிமிடம் விலை மறந்துபோகும். நான் கூட்டிச் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகர் ஜெற்றியில், மீன் இறங்குகிற துறையில், பதினெட்டு வருடமாக ஐஸ் விற்கிறேன். அங்கே நடக்கிற எல்லாக் கூத்தையும் பார்த்துச் சலித்தவன். கோயில் மலரில் இரண்டு கட்டுரை எழுதினேன் என்ற ஒரே காரணத்துக்காக இதையும் நான்தான் எழுதவேண்டும் என்று என் மனைவி றஜிதா ஒற்றைக்காலில் நிற்கிறாள். சரி, எழுதுகிறேன். எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அக்காவுக்கு இரண்டு புருவத்துக்கும் நடுவில் இரண்டு கோடுகள் இருந்தன. சும்மா கோடுகள் இல்லை, உழுத மாதிரி. பதினாலு வயதில் தாயோடு கருவாடு காயப்போட வந்த நாளிலிருந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வந்தது. அதற்குள் ஒரு ரூபாய்க் குத்தியை நிறுத்தி வைக்கலாம் என்று ஜெற்றிப் பெடியன்கள் பகிடி பண்ணுவார்கள். அக்காவுக்கு முன்னால் இல்லை. அவ்வளவு துணிச்சல் ஒருவனுக்கும் இல்லை.

எங்கள் ஜெற்றியில் ஒரு வழக்கம் இருக்கிறது. போட்டிலிருந்து இறக்கிய மீனைச் சீமெந்தில் பரப்பிவைத்துக் கிறகோரி விலை கூறுவான். யாவாரிமார் சுற்றி நிற்பார்கள். விலை ஏறி ஏறி ஓரிடத்தில் நின்றதும், போட்டுக்காரனைப் பார்த்து, "குடுக்கட்டோ?" என்று கேட்பான். போட்டுக்காரன் தலையாட்டினால் மீன் போய்விட்டது. பிறகு அந்தோனியாரே இறங்கி வந்தாலும் திருப்ப ஏலாது. அந்த நேரத்தில் போட்டுக்காரன் வீட்டுப் பெண்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் அன்றைக்கு அந்தப் போட்டின் மீனை ஒரு யாவாரியும் தொடமாட்டான். யார் போட்ட சட்டமோ தெரியாது. விடிய எழும்பிச் சோறு கட்டிக் கொடுப்பதும் பெண்கள், வலையில் சிக்கிய நண்டைக் கழற்றிக் கை கிழிவதும் பெண்கள், விலை கேட்கும்போது மட்டும் வாயைப் பொத்தவேண்டும். கண்டறியாத சட்டம்.

அக்காவின் புருஷன் லியோன் அண்ணை கடலில் விண்ணன். எந்த நீரோட்டத்தில் எந்த மீன் வரும் என்று கையை நனைத்துப் பார்த்துச் சொல்வார். கரையில் ஏறினால் மனிதருக்கு ஒன்றும் தெரியாது. விலையைக் கேட்டால் முழுசுவார். அக்கா அப்படி இல்லை. போட் கரைக்கு வருவதற்கு முன்பே சந்தையை ஒரு சுற்றுச் சுற்றி, கூலர் லொறிக்காரரிடம் வாயைக் கொடுத்து, கொழும்பில் அன்றைக்கு எந்த மீனுக்குத் தட்டுப்பாடு என்பதுவரை அறிந்துகொண்டு வந்து நிற்பார். நிற்கும் இடம் என் ஐஸ் பெட்டிக்குப் பக்கம்.

கிறகோரி "குடுக்கட்டோ?" என்று கேட்டதும் லியோன் அண்ணை தலையாட்டுவதற்கு முதல் ஒருதரம் இந்தப் பக்கம் பார்ப்பார். அக்காவின் நெற்றியில் அந்த இரண்டு கோடும் இறுகியிருந்தால் தலையைத் திருப்பிப் பிடரியைச் சொறிவார். கிறகோரி இன்னொரு சுற்றுக் கூறுவான். கோடு தளர்ந்திருந்தால் தலை ஆடும். முப்பது வருடமாக இந்தச் சங்கதி நடந்தது. கிறகோரிக்கும் தெரியாது, யாவாரிமாருக்கும் தெரியாது. கடைசிப் பதினெட்டு வருடம் பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் தெரியும். நான் றஜிதாவுக்குக்கூடச் சொன்னதில்லை.

போன ஓகஸ்றில் அவர்களுடைய மூத்த மகள் ஜெசிதா பிரான்ஸிலிருந்து வந்தாள். நாலு வயதுப் பெண்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பிள்ளைக்கு அக்காவின் முகத்தைக் கண்டாலே பயம். அக்கா வாய் நிறையச் சிரித்தாலும் நெற்றி முறைத்துக்கொண்டுதானே இருக்கும்? "அம்மம்மா கோவம்" என்று தாயின் காலுக்குப் பின்னால் போய் ஒளிந்தது. இனிப்பு வாங்கிக் கொடுத்துப் பார்த்தார். கோழிக்குஞ்சு வாங்கி விட்டுப் பார்த்தார். குஞ்சிடம் போனது, அக்காவிடம் வரவில்லை. ஜெற்றியில் கொம்பு முளைத்த யாவாரிகளை நடுங்கவைத்த மனிசி குசினிக்குள் அடுப்படியில் இருந்து அழுததாக றஜிதா சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் அக்காவும் ஜெசிதாவும் பிள்ளையோடு வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நேத்தி என்று பலாலியிலிருந்து பிளேன் ஏறினார்கள். பத்து நாளில் வருவதாகச் சொல்லிப் போனவர்கள் ஐந்து கிழமையாகியும் வரவில்லை. "அம்மாவுக்குக் கண்ணிலை ஒரு சின்ன ஒப்பறேசன் அப்பா, பயப்பிட ஒண்டுமில்லை" என்று ஜெசிதா சென்னையிலிருந்து ஃபோனில் சொன்னாள். கண்ணில் பூ விழுந்துவிட்டதாக்கும் என்று லியோன் அண்ணை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். பாவம் மனிதர்.

பலாலியிலிருந்து அவர்கள் ஏறிவந்த வான் நின்றபோது நான் படலையில் நின்றேன். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வேலி. வானிலிருந்து முதலில் அக்கா இறங்கினார். லியோன் அண்ணை அவரைத் தாண்டி வானுக்குள்ளே எட்டிப் பார்த்து மகளிடம், "அம்மா எங்கை பிள்ளை?" என்றார்.

அப்பா பகிடி விடுகிறார் என்று ஜெசிதா விழுந்து விழுந்து சிரித்தாள். அது பகிடி இல்லை. அவருடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

நல்ல முகம்தான், பொய் சொல்லக் கூடாது. பத்து வயது குறைந்திருந்தது. தொங்கின கண்மடல் போய்விட்டது, புருவம் மேலே ஏறிவிட்டது, நெற்றி வழுவழு என்று கிடந்தது. யாரோ ஒரு நல்ல செய்தி சொல்ல, அதைக் கேட்டு வியந்து நிற்கிற ஒருவருடைய முகம். காலையிலும் அதே வியப்பு, மத்தியானமும் அதே வியப்பு.

"புருவத்துக்கு நடுவிலை இருந்த சதையை எடுத்துப்போட்டினம் அப்பா. இனிச் சாகுமட்டும் சுருக்கம் வராதாம்" என்றாள் ஜெசிதா.

"சதையை எடுத்ததோ? ஆரைக் கேட்டு எடுத்தவை?"

"அம்மாவைக் கேட்டுத்தான். அம்மாவின்ரை முகம்தானே?"

இரண்டு நாளில் ஜெசிதா பிள்ளையோடு பிரான்ஸுக்குப் போய்விட்டாள். போகும்போது அந்தப் பிள்ளை அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று கத்தியது. அதையும் நான் பார்த்தேன்.

ஒக்ரோபர் கடைசியில் வாடைக்காற்று எழும்பத் தொடங்கியிருந்தது. ஒருநாள் லியோன் அண்ணையும் மகன் ஜெரிசனும் பதினாலு கலவாய் மீன் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒவ்வொன்றும் கைக்குழந்தை அளவு. அக்கா சந்தைச் சுற்றை முடித்துக்கொண்டு மூச்சிரைக்க என் பக்கம் வந்து நின்றார்.

"தம்பி, கொழும்பிலை கலவாய் இல்லையாம். இண்டைக்குக் கிலோ ரெண்டாயிரத்துக்குக் குறைய விட்டால் பாவம்."

கூலர் லொறி வைத்திருக்கிற பார்த்தீபன்தான் அன்றைக்குப் பெரிய யாவாரி. மற்றவர்கள் அவன் வாயைப் பார்த்து நின்றார்கள். கிறகோரி கூவிக் கூவி ஆயிரத்து நானூறில் விலை நின்றது. பார்த்தீபன் தனக்கு அக்கறையில்லை என்பதுபோலக் காதைக் குடைந்துகொண்டு நின்றான்.

"லியோன் அண்ணை, குடுக்கட்டோ?"

லியோன் அண்ணை இந்தப் பக்கம் பார்த்தார். எனக்குப் பக்கத்தில் அக்காவின் மூச்சு புஸ் புஸ் என்று வந்தது. அவருடைய கை என் ஐஸ் பெட்டியின் மூடியை நெரித்தது, மூடி நொறுங்கப்போகிறது என்று பயந்து திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமில்லை. கலியாண வீட்டுக்கு வந்த விருந்தாளியின் முகம். நான் என்ன செய்ய? நான் முறைத்தால் லியோன் அண்ணை பார்ப்பாரா?

லியோன் அண்ணை தலையாட்டினார்.

மீன் லொறிக்கு ஏறி முடியுமட்டும் அக்கா அசையவில்லை. பிறகு போனார். என் பெட்டிக்கு முன்னால்தான் சண்டை நடந்தது.

"என்னத்துக்குத் தலையாட்டினியள்?"

"நீதானே ஓம் எண்டனி."

"நானோ? நான் முறைச்சுக்கொண்டு நிண்டனான்!"

"முறைச்சனியோ? எங்கை முறைச்சனி? நான் வடிவாப் பார்த்தனான். சம்பந்தம் சரிவந்தவள் மாதிரிச் சந்தோசத்திலை புளுகமா நிண்டனி."

"உள்ளுக்கை முறைச்சனான்!"

"உள்ளுக்கை முறைச்சால் எனக்கென்னெண்டு தெரியும்? நான் என்ன எக்ஸ்றே மிசினோ?"

"முப்பது வருசம் ஒண்டாக் கிடந்திருக்கிறியள். என்ரை மனசு தெரியாதோ?"

"மனசை ஆர் பார்த்தது? நான் பார்த்தது நெத்தியை. அதைத்தான் சென்னையிலை குடுத்திட்டு வந்திட்டாய்!"

சுற்றி நின்றவர்கள் அக்காவின் முகத்தைப் பார்த்தார்கள். தொண்டை கிழியக் கத்துகிறார், முகம் வியந்து நிற்கிறது. ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு இன்னும் கோபம் ஏறியது, அவர்கள் இன்னும் சிரித்தார்கள். முன்பென்றால் ஒரு பார்வையில் வாயை மூடியிருப்பார்கள். எனக்கே வாய் கோணிவிட்டது, வெட்கம் கெட்டவன்.

வேறு அடையாளம் ஒன்று வைத்துக்கொள்வோம் என்று அக்காதான் சொன்னார். லேஞ்சியால் முகத்தைத் துடைத்தால் "குடுக்க வேண்டாம்." அடுத்த கிழமை அடைமழை. லியோன் அண்ணை பார்த்தபோதெல்லாம் அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் நின்றார். எது அடையாளம், எது மழை என்று தெரியாமல் அவர் நல்ல விலைக்கு வந்த றாலைக் கொடுக்காமல் வைத்து, பத்து மணிக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார். அதற்கு அடுத்த நாளே பார்த்தீபன் கண்டுபிடித்துவிட்டான்.

"என்ன அக்கா, இண்டைக்கு லேஞ்சி என்ன சொல்லுது?"

ஜெற்றியே சிரித்தது. முப்பது வருட இரகசியம் ஒரு லேஞ்சியில் போய்விட்டது. லியோன் அண்ணையின் முகம் கறுத்தது. பெண்சாதியைக் கேட்டுத் தலையாட்டுகிறவன் என்று ஒருவன் சொல்லியும்விட்டான். அன்றைக்கு வீட்டுக்குப் போய், "நாளையிலையிருந்து நீ ஜெற்றிக்கு வராதை. நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர் என்ன பார்த்தார்? விற்றதெல்லாம் நட்டம். ஆனால் சொன்னால் சொன்னதுதான். வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கதிரையைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாராம். அக்கா கறியை வைத்தால் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்ப்பார், தண்ணீரை வைத்தால் தண்ணீரைப் பார்ப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கூழ் காய்ச்சினார்கள். றஜிதாவும் நானும் போயிருந்தோம். அந்த நேரம் பார்த்து ஜெசிதா வீடியோவில் வந்தாள்.

"உன்ரை கொம்மாவை நீயே வந்து கொண்டுபோ" என்று லியோன் அண்ணை தொடங்கினார். "இது ஆரெண்டு எனக்குத் தெரியேல்லை."

"ஏனப்பா விசர்க் கதை கதைக்கிறியள்? அம்மாவைப் பாருங்கோ, எவ்வளவு வடிவு!"

"வடிவை என்ன கூழுக்கை கரைச்சுக் குடிக்கிறதோ?"

ஃபோன் அக்காவின் கைக்கு மாறியது. "ஜெசிதா, எனக்கு உன்னோடை சரியான கோவம். நெத்தியைத் திரும்பவும் சுருக்க ஏலுமோ எண்டு அந்த டொக்டரை நீ கேக்கேல்லை. நான் மூண்டு தரம் கேக்கச் சொன்னனான்."

ஜெசிதா அங்கே சிரித்தாள். "அம்மா, கோவமெண்டு சொல்லிக்கொண்டு என்ன புளுகமா இருக்கிறியள்! பிள்ளை, அம்மம்மாவைப் பார்." அந்தக் குழந்தை ஃபோனை முத்தமிட்டது.

அக்கா ஃபோனை மேசையில் குப்புற வைத்தார். குழந்தையின் குரல் மேசைக்குள் இருந்து கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. கூழை ஒருவரும் ருசித்துக் குடிக்கவில்லை. புளி கூடிவிட்டது. முன்பென்றால் அக்கா அகப்பையை வாயில் வைத்ததுமே நெற்றியில் தெரிந்துவிடும், றஜிதா தண்ணீர் விட்டிருப்பாள்.

நவம்பரில் லியோன் அண்ணையின் மூத்த அக்கா செத்துப்போனார். கலியாணம் கட்டி வந்த நாள்முதல் பெர்னடெட் அக்காவைத் தாய்மாதிரிப் பார்த்த மச்சாள். பெட்டியடியில் பெர்னடெட் அக்கா விழுந்து கத்தினார். கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. அது ஓடின முகம் மட்டும் அப்படியே நின்றது. சனம் ஒன்றையொன்று பார்த்தது. "செத்த வீட்டிலையும் மினுக்கிக்கொண்டு நிக்கிறா" என்று லியோன் அண்ணையின் சொந்தக்காரி ஒருத்தி சத்தமாகவே சொன்னாள். அது லியோன் அண்ணையின் காதிலும் விழுந்தது. சேமக்காலைக்குப் புதைக்கப் போகும்போது அக்காவுக்கு நாலு அடி முன்னால் நடந்தார். எனக்கு அந்த மனிதனைப் பிடித்து உலுக்கவேணும் போல இருந்தது. ஆனால் நான் ஐஸ்காரன், என்னுடைய சொல்லை யார் கேட்பார்?

அடுத்த நாள் அக்கா எங்கள் குசினிக்கு வந்தார். றஜிதா சுறா அவித்து உதிர்த்துக்கொண்டிருந்தாள், வறை வறுப்பதற்கு. அக்காவும் குந்தியிருந்து உதிர்க்கத் தொடங்கினார். நான் வாசலில் ஐஸ் உடைக்கிற கம்பியைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"றஜிதா, உனக்குக் கோவம் வந்தால் எங்கை வரும்?"

"எங்கை வாறதோ? எனக்கு வாயிலைதான் வரும். இவரைக் கேளுங்கோவன்."

"எனக்கு நெஞ்சிலை வந்து, கழுத்துமட்டும் ஏறும். முந்தியெண்டால் நெத்திக்குப் போய் அதிலை நிண்டுபோட்டு இறங்கிப் போயிடும். இப்ப கழுத்தோடை நிக்குது. அங்காலை போக வழியில்லை. நித்திரையிலை பல்லை நெருமுறன். விடியத் தாடை நோகுது." அக்கா மீனை உதிர்த்துக்கொண்டே சொன்னார். "கண்ணாடியிலை பார்த்தால் ஆரோ ஒருத்தி என்ரை சட்டையைப் போட்டுக்கொண்டு நிக்கிறாள். நான் அழுறன், அவள் பார்த்துக்கொண்டு நிக்கிறாள். அலுமாரிக் கண்ணாடிக்குச் சீலை போட்டிட்டன்."

"அப்ப ஏனக்கா ஓம் எண்டு சொன்னியள்?"

அக்கா சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்தப் பிள்ளை என்னட்டை வரேல்லையடி. அது மட்டுமில்லை. என்ரை முகத்தைப் பார்த்து ஒருதர்கூட ஒருநாளும் 'சுகமா இருக்கிறியோ' எண்டு கேட்டதில்லை. 'ஏன் கோவம்' எண்டுதான் கேட்டவை. கலியாணப் படத்திலையும் முறைச்சுக்கொண்டுதான் நிக்கிறன். ஒருக்காலாவது கோவமில்லாத முகத்தோடை இருந்து பார்ப்பமெண்டு ஆசை. அது பிழையே?"

"பிழையெண்டு ஆர் சொன்னது?"

"கட்டு அவிழ்த்த அண்டைக்கு அந்தப் பிள்ளை என்ரை மடியிலை படுத்தது. அதுக்காக நான் திரும்பவும் வெட்டுவிப்பன். ஆனால் இந்த மனிசன் என்னைப் பார்க்கிறாரில்லை. நான் என்ன செத்தா போனன்?" சுறா முழுதும் உதிர்ந்து முடிந்திருந்தது. அக்காவின் விரல்கள் வெறும் சட்டியைத் துழாவிக்கொண்டிருந்தன.

நான் கம்பியைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டேன். இந்த எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது? மகளைக் குறை சொல்லலாம் என்றால் அவள் ஆசையில் செய்தாள். டொக்டர் சொன்னதைச் செய்து கொடுத்தார். லியோன் அண்ணையைத் திட்டலாம் என்றால், முப்பது வருடம் ஒரு புத்தகத்தைப் பார்த்து வாசித்தவனிடம் எழுத்தை அழித்துவிட்டு வாசி என்றால் அவன்தான் என்ன செய்வான்? ஆனாலும் அவரைத்தான் திட்டினேன், மனதுக்குள்.

டிசெம்பரில் நாலு நாள் கடல் கொந்தளிப்பு. ஒருவரும் போகவில்லை. ஐந்தாம் நாள் போன லியோன் அண்ணைக்கு மாதா கண் திறந்தார். இருபத்தொரு கலவாய், தொடை மொத்தத்தில் ஒரு பாரை. நாலு நாளாக மீன் இல்லாத சந்தை. விலை எங்கே நிற்கவேண்டும் என்று எனக்கே தெரியும்.

மழை தூறிக்கொண்டிருந்தது. கிறகோரி கூறத் தொடங்கும்போது என் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அக்கா. தலையில் ஒரு பொலித்தீன் பை. வரவேண்டாம் என்று சொல்லி ஆறு கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறார்.

"சந்தைக்குப் போயிட்டு வந்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம். மூவாயிரம் சொல்லுறாங்கள். அதுக்கும் மீன் இல்லையாம்."

கிறகோரி ஆயிரத்து எழுநூறில் இழுத்துக்கொண்டு நின்றான். பார்த்தீபன் காதைக் குடையத் தொடங்கினான். மற்ற யாவாரிமார் அவனோடு கதைத்து வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள் என்பது குருடனுக்கும் தெரியும்.

"லியோன் அண்ணை, குடுக்கட்டோ?"

லியோன் அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா வந்து நிற்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நிமிரவில்லை. அக்காவின் கை மறுபடி என் பெட்டி மூடியைப் பிடித்தது. "பாருங்கோவன்" என்று உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. வழக்கம் அல்லவா, வாய் திறக்கக் கூடாது! அவருடைய தலை மெல்ல ஆடப்போகிறது. நாடி நெஞ்சுப் பக்கம் இறங்கிவிட்டது.

அக்கா போனார். யாவாரிமாரை இடித்துக்கொண்டு நடுவில் போய், பரப்பிவைத்த கலவாயில் ஒன்றைச் செவுளில் கைவிட்டுத் தூக்கினார். இரண்டு கிலோ இருக்கும். தூக்கின வேகத்திலேயே லியோன் அண்ணையின் கன்னத்தில் அறைந்தார்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது. மழைச் சத்தம்கூட அடங்கினது போல இருந்தது. லியோன் அண்ணை இரண்டு அடி பின்னால் போய் மீன் அடைக்கிற றெஜிபோம் பெட்டியில் முட்டி நின்றார். கன்னத்தில் செதில் ஒட்டியிருந்தது. ஜெரிசன் "அம்மா!" என்று ஓடிவந்தான்.

"உது முறையில்லை!" என்று பார்த்தீபன் கத்தினான். "போட்டுக்காரன்ரை மனிசி ஏலக் கூறலுக்கை வந்திட்டா. நான் எடுக்கேல்லை. ஒருதரும் எடுக்கக் கூடாது!"

கிறகோரி தலையைச் சொறிந்தான். "அவ வாய் துறந்தவவோ?"

"என்ன?"

"வாய் துறக்கக் கூடாதெண்டுதானே வழக்கம். அவ கதைச்சதை நீ கேட்டனியோ? எட ஐஸ்காரன், நீ பக்கத்திலை நிண்டனி. கேட்டனியோ?"

"இல்லை" என்றேன். பதினெட்டு வருடத்தில் கூறலில் நான் சொன்ன முதல் சொல் அதுதான்.

"அப்ப கூறல் நிக்குது. லியோன் அண்ணை, குடுக்கட்டோ?"

லியோன் அண்ணை கன்னத்தைத் தடவிக்கொண்டு நிமிர்ந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அக்காவை நேராகப் பார்த்தார். அக்கா மீனும் கையுமாக, மழைத் தண்ணீர் ஒழுக, நல்ல செய்தி கேட்டவரின் அதே முகத்தோடு நின்றார். தோள் மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

"குடுக்கேல்லை" என்றார் லியோன் அண்ணை.

பிறகு விலை ஏறியதா என்று கேட்பீர்கள். ஏறியது. அக்கா கேட்டு வந்த இடத்துக்கு வரவில்லை. இரண்டாயிரத்து முந்நூறில் நின்றுவிட்டது, அதற்குமேல் பார்த்தீபன் அசையவில்லை. இந்த ஊரில் எது முழுதாக நடந்திருக்கிறது?

எல்லாம் ஏற்றி முடிந்த பிறகு லியோன் அண்ணை என்னிடம் வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. ஒரு துண்டு ஐஸை லேஞ்சியில் சுற்றிக் கொடுத்தேன். கவிழ்த்த பெட்டியொன்றில் குந்தினார். அக்கா மற்றப் பக்கத்தில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போயிருக்கவேண்டும். போகவில்லை, ஐஸ் உடைப்பதுபோல நின்றேன்.

"நொந்ததோ?" என்றார் அக்கா.

"பின்னை? முள்ளுக் குத்தியிருக்கு."

லியோன் அண்ணை ஐஸைக் கன்னத்தில் மாற்றி வைத்தார்.

"இப்பவும் கோவமோ?"

இத்தனை வருடத்தில் அவர் இப்படிக் கேட்டதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கத் தேவை இருந்ததில்லை.

"ஓம்."

"மீன் விலைக்கோ?"

"மீன் கோதாரியிலை போகட்டும். ரெண்டு மாசமா என்ரை முகத்தை நீங்கள் பார்க்கேல்லை."

"பார்த்து என்ன செய்ய? ஒண்டும் தெரியேல்லையே எனக்கு. இருட்டுக்கை போட் விட்டமாதிரிக் கிடக்கு."

"தெரியாட்டில் கேக்கிறது. வாயிருக்குத்தானே உங்களுக்கு? என்ரை வாயைத்தான் உங்கடை ஜெற்றி பொத்தி வைச்சிருக்கு."

லியோன் அண்ணை தலையைக் குனிந்தார். பிறகு நிமிர்ந்தார். குழந்தைப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேட்பதுபோலக் கேட்டார்.

"எவ்வளவு கோவம்?"

அக்கா கையைச் சீலையில் துடைத்தார். பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இரண்டு புருவத்துக்கும் நடுவில் தோலைக் கிள்ளிப் பிடித்து, இறுக்கிச் சேர்த்தார். கோடு வந்தது. பழைய கோடு இல்லை, ஆனால் கோடு.

"இவ்வளவு."

விரலை எடுத்ததும் தோல் வழுக்கிக்கொண்டு பழையபடி போய்விட்டது. நகம் பட்ட இடத்தில் சிவந்த தடம் மட்டும் நின்றது. லியோன் அண்ணை அதைப் பார்த்தார். ஐஸ் உருகி மணிக்கட்டால் ஒழுகுவதும் தெரியாமல், அந்தத் தடம் மெல்ல மெல்ல மங்கி இல்லாமல் போகுமட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு, "இன்னொருக்காக் காட்டு" என்றார்.